சந்தைத் தெருச் சாக்கடையும் கொரியாவில் இருக்கும் என் கணவரும்

மே 7, செவ்வாய்

நகல் எடுக்கும் இயந்திரம் இன்றும் வேலை செய்யவில்லை. கொசு மருந்து அறிவிப்பை என்னால் நூற்று இருபது தடவை கையால் எழுத முடியாது என்று சொல்லத்தான் தெச்சா சாரின் அறைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. சும்மா எட்டிப் பார்ப்பவர்களைப் பிடித்து வேலை கொடுப்பது அவருக்குப் பிடித்த காரியம்.

தெச்சா சார் எங்கள் நகராட்சியின் சுகாதாரப் பிரிவுத் தலைவர். வயது முப்பத்துநான்கு. பாங்காக்கில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் வட்டப்படம் போடுகிறார். வட்டத்தை மூன்றாக வெட்டி மூன்று நிறம் கொடுத்துவிட்டால் அவருக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

"லம்யாய் அக்கா, மழைக்கு முன்னாடி சந்தைத் தெரு சாக்கடைய அள்ளியாகணும். ஜெயில்லேர்ந்து கைதிங்கள அனுப்புறேன்னு சொல்றாங்க. நல்ல நடத்தை உள்ளவங்கதான், இருபது பேர். ஆனா ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு முதல்ல தெரியணும். நீங்க அந்தத் தெருவுலயே இருக்கீங்க. வீடு வீடாப் போய்க் கேட்டுட்டு வந்துருங்க."

"எந்த ஜெயில் சார்?"

"நம்ம மாகாண ஜெயில்தான். வேற எது?"

வேற எது. மூன்று மாகாணம் தள்ளி ஒரு ஜெயிலில் இருந்த என் கணவர் ஜம்னோங்கை, போய்ப் பார்க்க வசதியாக இருக்குமென்று, மூன்று மனு எழுதி இந்த ஜெயிலுக்கு மாற்றிக்கொண்டு வந்தவள் நான்தான். ஆறு மாதம் ஆகிறது. இது எனக்கும் அரசாங்கத்துக்கும் மட்டும் தெரியும். அலுவலகத்தையும் தெருவையும் பொறுத்தவரை அவர் கொரியாவில் மிளகாய்ப் பண்ணையில் இருக்கிறார். பதினான்கு மாதமாக.

கொரியாவை யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரைப் பிடித்துக்கொண்டு போன வாரம் எதிர் சாப்பாட்டுக்கடை ஸங்வான் அக்கா, "எங்க உன் வீட்டுக்காரரக் காணோம்?" என்று கேட்டாள். அவள் கடைத் தொலைக்காட்சியில் கொரியத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் அதுதான் வந்தது. புத்தாண்டுக்குப் பெரிய கடையில், கொரியாக்காரர்கள் தின்னும் கடற்பாசிப் பொட்டலங்கள் வாங்கி, அவர் அனுப்பியது என்று தெரு முழுக்கக் கொடுத்தேன். எல்லோரும் ரொம்ப ருசி என்றார்கள்.

உண்மை இவ்வளவுதான்: களிமண் வில்லைகளைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, நான் பசையரிசி அவிக்கும் கூடையில் வைத்து ஆவி காட்டி, நானூறு வருடத்துத் தாயத்து என்று ஊர் ஊராகப் போய் விற்றார். மூன்று மாகாணம் தள்ளி மாட்டிக்கொண்டார். ஒரு பெண் வளர்த்த பன்றியை விற்று வாங்கியிருந்தாள். நீதிமன்றத்தில் அவளைப் பார்த்தேன். அந்தக் கூடையில் அதன்பிறகு நான் சோறு அவிக்கவில்லை.

நாளைக்கு வீடு வீடாகப் போய், கைதிகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். சிரித்த முகத்தோடு.

மே 8, புதன்

படிவத்தில் மூன்று கட்டங்கள். ஆதரவு, எதிர்ப்பு, கருத்து இல்லை. பென்சிலால் நானே குறி போட்டு, அவர்கள் சொன்னதை ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

முதல் வீடு, இரும்புக்கடை ஹெங் அண்ணன். படிவத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றிவிட்டுப் படித்தார்.

"நல்ல திட்டம்மா. நாலு சுவத்துக்குள்ள உக்காந்து சாப்பிடுறதுக்கு வெளியில வந்து உழைக்கட்டும். ஆதரவுன்னு போட்டுக்க. ஆனா சங்கிலி போட்டிருக்கணும்."

"சங்கிலி போட்டுக்கிட்டு எப்படி அண்ணே சாக்கடையில இறங்குவாங்க?"

"அப்ப எதிர்ப்புன்னு போடு. இரு, இரு. வந்தாங்கன்னா என் கடை ஷட்டருக்கு பெயின்ட் அடிச்சுத் தருவாங்களா?"

"சாக்கடை மட்டுந்தான் அண்ணே."

"அப்ப எதிர்ப்பே இருக்கட்டும்."

மருந்துக்கடைப் பெண், படித்தவள், என்னைத் திருப்பிக் கேட்டாள். அவர்கள் விருப்பப்பட்டு வருகிறார்களா, கையுறை கொடுப்பீர்களா, ஊசி போட்டிருக்கிறார்களா. "இதுக்கெல்லாம் கட்டம் இல்லையா?" என்றாள். கருத்து இல்லை என்ற கட்டத்தைக் காட்டினேன். அந்தத் தெருவிலேயே அதிகக் கருத்து உள்ளவள் அவள்தான். கோபித்துக்கொண்டாள்.

பதினேழாம் எண் வீட்டில் புன்மா. போன வருஷம் வரை சாக்கடை அள்ளும் வேலை இவரிடம்தான் இருந்தது. நாலு ஆள் வைத்துச் செய்வார். வாசலில் உட்கார்ந்து காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குக் குடுத்துக்கிட்டிருந்த வேலையப் புடுங்கி, கூலி கேக்காதவனுக்குக் குடுக்குறீங்க. அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் அடிக்கணும்? நீயே காட்டு."

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மே 9, வியாழன்

கடைசிக்கு விட்டுவைத்திருந்தேன் ஸங்வான் அக்காவை. மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்துப் போனேன். அறுபது வயது. மூங்கில் குருத்துக் குழம்பில் அவளை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை. வாயிலும்.

"என் மருமகனோட வண்டியத் திருடினானே, எட்டு மாசம் உள்ள இருந்துட்டு வந்தான். கன்னம் ரெண்டும் உப்பிப் போயி வந்தான். நான் விடிய நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்புக்கிட்ட வேகுறேன். எனக்கு யாரு சோறு போட்டா? இப்ப காத்து வாங்க வேற வெளியில கூட்டிட்டு வர்றீங்களா?"

"சாக்கடையில என்ன காத்து அக்கா?"

"நாலு மனுசங்க முகத்தப் பாக்குறதே காத்துதான். அதான் தண்டனையா அவனுங்களுக்கு இல்லாம போனது. அத ஏன் திருப்பிக் குடுக்கணும்?"

அவள் சொன்னதில் பாதி சரி என்பதுதான் என் கஷ்டம். பன்றிக்காரப் பெண்ணின் முகம் வந்து நின்றது.

கிளம்பும்போது, "ஜம்னோங் போன் பண்ணினாரா? அங்க இப்ப குளிரா?" என்று கேட்டாள்.

"வெயில்தான் அக்கா. நல்ல வெயில்."

மே 14, செவ்வாய்

அரை நாள் விடுப்பு, பல் வைத்தியர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போனேன். அலுவலகக் கணக்குப்படி எனக்கு இதுவரை பதினொரு பல் பிடுங்கியாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரி போன வாரம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜம்னோங் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். தொலைபேசியை எடுத்ததும்:

"லம், என்னை வெளிவேலைக்கு எடுத்துட்டாங்க. ஒரு நாள் வேலை செஞ்சா ஒரு நாள் தண்டனை கழியும். மழை முடியிறதுக்குள்ள எழுபது நாளாவது கிடைக்கும். டிசம்பர்ல வர வேண்டியவன் அக்டோபர்லயே வந்துருவேன்."

"எந்த ஊர்ல வேலைன்னு சொன்னாங்களா?"

"சொல்லல. எங்கயோ ஒரு சாக்கடை. எந்தச் சாக்கடையா இருந்தா என்ன?"

"நம்ம சாக்கடை."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். அப்புறம் கேட்டார்: "சந்தைத் தெருவா? ஸங்வான் அக்கா இன்னும் மூங்கில் குருத்துக் குழம்பு வெக்கிறாங்களா?"

அங்கேயே தொலைபேசியை அவர் தலையில் போட்டிருப்பேன். கண்ணாடி இருந்தது.

"உனக்கு என்ன, தலை மொட்டை, மூஞ்சியெல்லாம் சேறு. நான் அந்தத் தெருவுல குடியிருக்கணும். கொரியாவுலேர்ந்து சுரங்கம் வெட்டி வந்தாருன்னு சொல்லவா? நீ வேணாம்னு சொல்லிடு."

கோபம் வந்தால் எனக்கு 'நீங்க' போய்விடும். அவருக்கும் அது தெரியும்.

"எழுபது நாள், லம்," என்றார். நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.

பேருந்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து யாரோ, "பல்லு ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று அழுதேன்.

மே 15, புதன்

எண்ணி முடித்தேன். எதிர்ப்பு 63. ஆதரவு 41. கருத்து இல்லை 15. மொத்தம் 119. நூற்று இருபதாவது வீடு என்னுடையது. என் படிவம் வெறுமையாகக் கிடக்கிறது.

ஒன்றும் செய்ய வேண்டாம். எதிர்ப்பு ஜெயித்துவிட்டது. மானம் தப்பியது. எழுபது நாள் போனது.

பென்சிலில் போட்ட குறிகள்தானே. ரப்பரை எடுத்தேன். ஹெங் அண்ணனை ஆதரவுக்கு மாற்றினேன், அவர் முதலில் அப்படித்தானே சொன்னார். பிறகு வேண்டாமென்று மறுபடி எதிர்ப்புக்கு. பிறகு மறுபடி. தாள் கிழிந்துவிட்டது. ஒட்டுத்தாள் போட்டு எதிர்ப்பிலேயே விட்டேன். ஒரு வீட்டில் ஒரு மோசடிக்காரர் போதும்.

மே 16, வியாழன்

நான் செய்யத் துணியாததை தெச்சா சார் பத்து நிமிஷத்தில் செய்துவிட்டார், ரப்பர் இல்லாமல்.

"கருத்து இல்லைன்னா என்ன அர்த்தம் அக்கா? ஆட்சேபணை இல்லைன்னு அர்த்தம். அத ஆதரவோட சேருங்க. அப்புறம் இந்த எதிர்ப்புல பாருங்க, 'சங்கிலி போட்டா சரி', 'ஷட்டருக்கு பெயின்ட் அடிச்சா சரி', 'பக்கத்துத் தெருன்னா சரி'. இதெல்லாம் நிபந்தனையுடன் கூடிய ஆதரவு."

வட்டப்படத்தில் பச்சை நிறம் பெருத்துவிட்டது. நகர மன்றத் தலைவர் மட்டும் சந்தேகப்பட்டு, எதற்கும் ஒரு பொதுக்கூட்டம் வையுங்கள், ஜனங்கள் வாயால் சொல்லட்டும் என்றாராம். அடுத்த வெள்ளி. புத்த விகாரை மண்டபத்தில்.

மே 22, புதன்

விசாகப் பௌர்ணமி. மெழுகுவத்தியோடு விகாரையை மூன்று சுற்று வந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாததால் மழையைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னேன்.

மே 24, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

மண்டபம் நிறைந்துவிட்டது. இலவசக் குளிர்பானம் என்று அறிவித்ததுதான் காரணம். தெச்சா சார் வட்டப்படத்தைத் திரையில் போட்டார். "இந்தப் பச்சையில நான் எங்க இருக்கேன்?" என்று ஸங்வான் அக்கா கேட்டாள். அவர் நிறங்களைப் பற்றி விளக்கினார். "நான் எதிர்ப்புன்னு சொன்னேன். சிவப்புல எனக்கு ஒரு இடம் குடுங்க," என்றாள். கைதட்டல்.

புன்மா எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர், ஒலிபெருக்கியைக் கரும்பு மாதிரி பிடித்துக்கொண்டார். "அவனுங்க மேல எனக்குக் கோபமில்ல. உங்க மேலதான். ஆஸ்பத்திரி ரோட்டு வேலையாவது எங்களுக்குன்னு எழுதிக் குடுங்க," என்றார். தெச்சா சார் எழுதிக்கொடுத்தார். கூட்டத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம்.

மருந்துக்கடைப் பெண் கையுறை, காலணி, ஊசி என்று ஒரு பட்டியல் வாசித்தாள். ஹெங் அண்ணன் சங்கிலியைப் பற்றி இரண்டு தடவை பேசினார்.

பிறகு ஸங்வான் அக்கா மறுபடி. "நம்ம தெருவுல எல்லாரும் கௌரவமான குடும்பம். நம்ம ஆளு ஒருத்தன்கூட உள்ள இல்ல. யாரோ பெத்தது, யாரோ கட்டினது. அதுங்கள நம்ம வாசல்ல ஏன் பாக்கணும்? லம்யாய், நீ ஏன் ஊமையா நிக்கிற? நீ இந்தத் தெருதானே? உன் படிவத்துல என்ன போட்ட?"

நூற்றுக்கு மேல் தலைகள் திரும்பின. நான் குளிர்பானத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னும் போடல அக்கா."

"ஏன்?"

ஏன். எவ்வளவு நாளைக்கு இந்தக் கேள்விக்கு வேறு எதையாவது சொல்வது? கால் வலித்தது. தட்டு கனத்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு. வரப்போற இருபது பேர்ல அவரும் ஒருத்தரு. அதான் எந்தக் கட்டத்துல போடுறதுன்னு தெரியல."

ஸங்வான் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொரியாவுல புடிச்சுப் போட்டாங்களா?"

"இல்லக்கா. கொரியாவுக்கே போகல."

"அப்ப அந்தக் கடற்பாசி?"

"பெரிய கடையில வாங்கினது."

பின்வரிசையில் யாரோ, "பொட்டலத்துல நம்ம தாய்லாந்து எழுத்துல இருந்துச்சே, அப்பவே நினைச்சேன்," என்றார்கள். இன்னொரு குரல், "நம்ம ஆளுங்க அங்க நிறையப் பேர் இருக்காங்கன்னு அப்படிப் போட்டிருப்பாங்கன்னு நான் நினைச்சேன்," என்றது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. தட்டை மட்டும் கீழே போடவில்லை.

என்ன குற்றம் என்று கேட்டார்கள். சொன்னேன். பன்றியையும் சொன்னேன். அப்போது சிரிப்பு நின்றது. அதுவும் சரிதான்.

கைதூக்கச் சொன்னார் தெச்சா சார். இரண்டு வாரம் சோதனையாக வரட்டும், வேலி கட்ட வேண்டும், கையுறை உண்டு, சங்கிலி கிடையாது என்று முடிவானது. எத்தனை கை என்று எண்ணவில்லை. ஸங்வான் அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள்.

மே 25, சனி

கதவைத் திறக்கவில்லை.

மே 28, செவ்வாய்

பக்கத்து மேசைக்காரி இன்று என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப பல்லெல்லாம் இருக்கா?" வாயைத் திறந்து காட்டினேன். கஞ்சிக் கிண்ணத்தைத் திருப்பிக் கேட்டாள்.

ஸங்வான் அக்கா பேசவில்லை. குழம்பு வாங்கப் போனால் சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணை அனுப்பிக் கொடுக்கச் சொல்கிறாள்.

மாலையில் ஹெங் அண்ணன் கடை வாசலில் என்னை நிறுத்தினார். சட்டைக்குள்ளிருந்து கழுத்துத் தாயத்தை வெளியே இழுத்தார். மூன்று வருஷம் முன்பு ஜம்னோங் அன்பளிப்பாகக் கொடுத்தது.

"உண்மையச் சொல்லு லம்யாய். இது?"

"என் சோத்துக் கூடையில வெந்தது அண்ணே."

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைக்குள் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டார். "இதப் போட்ட வருசந்தான் லாரி என் மேல ஏறாம போச்சு. வெந்ததோ வேகாததோ, இருக்கட்டும்."

ஜூன் 4, செவ்வாய்

வந்துவிட்டார்கள். நீலக் கால்சட்டை, மொட்டைத் தலை, முழங்கை வரை கையுறை. எட்டரை மணிக்கு முதல் மூடியைத் தூக்கினார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் எதிர்ப்புத் தெரிவித்த அறுபத்துமூன்று வீட்டிலிருந்தும் நாற்காலி வெளியே வந்துவிட்டது.

நகராட்சி சார்பில் மீட்டர் அளந்து கையெழுத்துப் போட வேண்டியவள் நான். என்னை மாற்றச் சொல்லிக் கேட்டேன். "உங்களுக்குத்தான் அந்தத் தெரு தெரியும் அக்கா," என்றார் தெச்சா சார்.

எங்கள் வீட்டு வாசலில் அளந்தோம். அளவுநாடாவின் ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையைக் கைதிகளில் யாராவது பிடிக்க வேண்டும். காவலர் ஒரு ஆளைக் கைகாட்டினார். சேறு அப்பிய ஆள் குழியிலிருந்து ஏறி வந்து நாடாவைப் பிடித்தார். காதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஜம்னோங்கின் காதுகள் மட்டும் மெலியவில்லை.

காவலரிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அது வேறு தப்பு. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வெளியாளோட பேசக் கூடாதுன்னு சட்டம். சாக்கடை பத்தி மட்டும் பேசிக்குங்க."

"ஆழம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன்.

"இடுப்பு வரைக்கும். முதல்ல நாத்தம் தாங்கல. இப்ப மூக்கு பழகிருச்சு."

"அடைப்பு?"

"இந்த வீட்டு முன்னாடி அவ்வளவா இல்ல. வீட்டுக்காரம்மா ஒழுங்கா வெச்சிருக்காங்க."

"வீட்டுக்காரம்மாவுக்கு வேற என்ன வேலை. தனியாத்தான இருக்காங்க."

"கஷ்டந்தான். யாரு அடைச்சு வெச்சானோ, அவனே அள்ளிடுவான்னு சொல்லுங்க."

காவலர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு மீட்டர் என்று எழுதினேன். நாடாவின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டே எழுதியதில் ஐம்பத்திரண்டு மாதிரி இருந்தது. அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று ஸங்வான் அக்கா கடை வாசல்.

மூடியைத் தூக்கியதும் வேலை நின்றுவிட்டது. உள்ளே குழாய்க்குக் குறுக்கே வெள்ளையாக, தலையணை அளவுக்கு ஏதோ கெட்டியாகக் கிடந்தது. கொழுப்பு. பல வருஷத்துக் குழம்பு எண்ணெய். கடப்பாரையால் நெம்பி நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அடியில் பிடித்தவர் ஜம்னோங். சாலையில் போட்டு உடைத்தால், பலாப்பழத்தில் கொட்டை மாதிரி உள்ளே கரண்டிகள். முப்பதோ நாற்பதோ. வாடிக்கையாளர்கள் கரண்டி திருடுகிறார்கள் என்று அவள் மூன்று வருஷமாகக் கடையில் அட்டை எழுதி மாட்டியிருக்கிறாள். தெருவே நாற்காலியோடு நகர்ந்து வந்து பார்த்தது.

"இது மேல்தெருவுலேர்ந்து அடிச்சுக்கிட்டு வந்தது," என்றாள் ஸங்வான் அக்கா.

ஹெங் அண்ணன் ஒன்றைக் குச்சியால் புரட்டினார். "கரண்டியில உன் கடைப் பேர் வெட்டியிருக்கே, அக்கா."

அவள் உள்ளே போய்விட்டாள். இனி இந்த ஜென்மத்தில் என்னோடு பேச மாட்டாள் என்று நினைத்தேன். அரைமணி கழித்து ஒரு பெரிய அண்டாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வேலிக்குப் பக்கத்தில் வைத்தாள். மூங்கில் குருத்துக் குழம்பு.

காவலர் குறுக்கே வந்தார். "வெளிச் சாப்பாடு குடுக்கக் கூடாதும்மா."

"நான் எதிர்ப்புத் தெரிவிச்சவ. ஊருக்கே தெரியும். எதிர்ப்புத் தெரிவிச்சவ வெளிப்படையா வந்து விஷம் வெப்பாளா?"

"எதிர்ப்புத் தெரிவிச்சவங்கன்னுதாம்மா யோசனையா இருக்கு."

கடைசியில் அதிகாரிக்குப் பேசி அனுமதி வாங்கினார். முதலில் தானே ஒரு கிண்ணம் சாப்பிட்டுச் சோதித்தார். சந்தேகம் தீராமல் இரண்டாவது கிண்ணமும் சோதித்தார்.

ஜம்னோங் வரிசையில் நின்று வாங்கினார். அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கொரியாவுல சோறு சரியா போடலபோல," என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். மூக்கை உறிஞ்சினார். குழம்பில் காரம் அதிகம் என்று காவலரிடம் சொன்னாராம்.

ஜூன் 14, வெள்ளி

சந்தைத் தெரு முடிந்தது. திங்களிலிருந்து ரயிலடித் தெரு. இன்று அங்கிருந்து மூன்று பேர் அலுவலகம் வந்து, தங்கள் தெருவுக்குக் கைதிகள் வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல தெச்சா சார் ஆள் அனுப்பியிருக்கிறார். ஸங்வான் அக்காவை.

ஜூன் 27, வியாழன்

நான்கு மணி நேரம் கொட்டியது. வாசல்படி வரைகூடத் தண்ணீர் ஏறவில்லை. ஹெங் அண்ணன் பழக்கத்தில் சரக்கையெல்லாம் மேசைமேல் ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ராணியம்மா பிறந்தநாள், அதனால் அன்னையர் தினம், விடுமுறை. பன்றிக்காரப் பெண்ணுக்கு ஜம்னோங் கடிதம் எழுதியிருக்கிறாராம். போன வாரம் ஜெயிலில் பார்த்தபோது, எட்டு தடவை எழுதிக் கிழித்ததாகச் சொன்னார். பதில் வரவில்லை. "வராது. வரணும்னு எழுதல," என்றார். இந்த மாதிரிப் பேச்சு அவரிடம் நான் கேட்டதில்லை. நம்பலாமா? இன்னும் தெரியவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

வந்துவிட்டார். ஒரு பையும் எழுபது நாள் வெயிலும். பல் வைத்தியர் என்று எழுதாமல் விடுப்பு எடுத்தேன். காரணம்: கணவர் வருகிறார்.

அக்டோபர் 9, புதன்

ஒரு வாரமாக வேலை தேடுகிறார். எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள். அந்தச் சாக்கடை அள்ளினீங்களே, அடேயப்பா, இந்த வருஷம் தண்ணியே ஏறல என்கிறார்கள். வேலை என்றால் தொண்டையைச் செருமுகிறார்கள். அரிசி மில், ஐஸ் கம்பெனி, லாரிக் கொட்டகை, எல்லா இடத்திலும் அதே செருமல்.

ஹெங் அண்ணன் கடையில் மூட்டை தூக்க ஆள் தேவை என்று அட்டை தொங்குகிறது. நானே போய்க் கேட்டேன்.

"நல்ல வேலைக்காரருதான், லம்யாய். என் கண்ணால பாத்தேன். ஆனா அப்ப காவலுக்கு ஆள் இருந்தாங்க. இப்ப யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீ எங்க அத்தன பேருக்கும் பதினாலு மாசம் கொரியா காட்டினவளாச்சேம்மா."

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். வேலை மட்டும் கொடுக்கவில்லை.

வேலியும் காவலரும் இருந்தபோது இவர்களுக்கு அவர்மேல் எவ்வளவு பிரியம். நாற்காலி போட்டல்லவா பார்த்தார்கள். இதைத்தான் நான் கருத்துக்கணிப்பில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் தெச்சா சார் பச்சையில் சேர்த்திருப்பார்.

அக்டோபர் 17, வியாழன்

ஜம்னோங் வீட்டில் சும்மா இருக்கிறார். என் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைத்தாகிவிட்டது. பொத்தான் இல்லாத சட்டைக்கும்.

அக்டோபர் 27, ஞாயிறு

மாலையில் புன்மா வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. படியிலேயே நின்று ஜம்னோங்கோடு பேசினார்.

"ஆஸ்பத்திரி ரோட்டுக்கு உத்தரவு வந்துருச்சு. என் ஆளுங்க ரெண்டு பேர் பாங்காக் போயிட்டானுங்க. புதுசா வர்றவன் முதல் மூடியத் தூக்கினதும் வாந்தி எடுத்துட்டு ஓடுறான். மூக்கு பழகின ஆளு வேணும்."

"என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றார் ஜம்னோங்.

"தெரியும். என் வேலையில கை வெச்சவன் நீ. அது எனக்கு இன்னும் ஆறல. அதுக்காகச் சாக்கடை காத்துக்கிட்டு இருக்குமா? செவ்வாக்கிழமை ஆறு மணிக்கு வந்துரு. உள்ள கிடைக்கிறது எதுவா இருந்தாலும் அஞ்சு பேருக்கும் பொது. ஒளிச்சு வெச்சேன்னா குழியிலயே வெச்சு மூடிருவேன்."

ஜம்னோங் கைகூப்பினார். புன்மா அதற்குள் போய்விட்டிருந்தார்.

அக்டோபர் 29, செவ்வாய்

ஐந்தரைக்கு எழுந்து, தானே முட்டை பொரித்து, தானே பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. வாசலில் புன்மாவின் வண்டி உறுமியது, யாரோ எதற்கோ திட்டினார்கள், வண்டி போய்விட்டது. ஐந்து நிமிஷம் படுத்திருக்கலாம் என்று புரண்டேன். கண் விழித்தபோது ஒன்பதேகால்.

வருகைப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. தெச்சா சார் பேனாவைத் திறந்துகொண்டு, "என்ன அக்கா, பல்லா?" என்றார்.

"இல்ல சார். தூங்கிட்டேன்."

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டார்.